வேன் போகாத இடங்கள்: ஒரு வாலிபர் சங்கப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டில், திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம், ஒன்றின் வாலிபர் சங்கம் சனி, ஞாயிறு இரண்டு நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போய் வந்தது. வழக்கமான கொடைக்கானல், குற்றாலம் டூர் அல்ல. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், இரட்சணிய சேனை, பழைய லண்டன் மிஷன் சபை என்று தங்களைப் போல் இல்லாத கிறிஸ்தவர்களைப் பார்ப்பதற்கென்றே போட்ட பயணம். வழியில் வரலாறு சொல்ல ஓர் ஆள் வேண்டும், முடிந்தபின் சேகரக் கமிட்டிக்கு அறிக்கை எழுதவும் ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்த அறிக்கையை விரித்து எழுதியதுதான் இது. சேகரத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். சின்ன ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ன பேசியது என்று மறுநாளே தெரிந்துவிடும்.

பயணம் வீண் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள், பிரமாதம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. உபதேச வித்தியாசங்களைத் தெரிந்துகொள்ளப் போன பிள்ளைகளை உபதேசம் அவ்வளவாக உறுத்தவில்லை. யார் கையால் அப்பம் வாங்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யாருக்கு எந்த வயதில் ஞானஸ்நானத் தண்ணீர் என்கிற கேள்விகள்தான் உறுத்தின. திட்டத்தாளில் இவற்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

யோசனையும் அதற்கு வந்த எதிர்ப்பும்

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கிய வாரம் உலகம் முழுக்க அனுசரிக்கப்படுகிறது. இந்தச் சேகரத்திலும் வருஷா வருஷம் ஒரு சாயங்காலம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குச் சாமியார் வந்து பேசுவார், இரண்டு பாடகர் குழுவும் ஆளுக்கொரு பாட்டு பாடும், வடையும் டீயும் கொடுப்பார்கள், அடுத்த ஜனவரி வரை அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். அந்த வருஷக் கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போது சங்கச் செயலாளரான பெண், ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் சேகரக் குருவின் மனைவி ஐயரம்மாவிடம் கேட்டாளாம்: "வருஷத்துக்கு ஒரு டீ குடிச்சா ஐக்கியம் ஆயிடுமாம்மா?" ஐயர் காதுக்கு அது போனது. "அப்போ நீங்களே ஒரு ஏற்பாடு பண்ணுங்களேன்" என்று விட்டுவிட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் மூன்று பயங்கள் கிளம்பின. கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனால் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி வைத்து முழங்கால் போட்டுவிட்டு வருவார்கள் என்பது ஒன்று. வயசுப் பெண்கள் முன்பின் தெரியாத வீட்டில் ராத்தங்குவதா என்பது இன்னொன்று; இது நியாயமான கேள்வி, பெண்களோடு இரண்டு ஆசிரியைகள் வருவது என்று அது தீர்ந்தது. மூன்றாவதுதான் பெரியது. முதல் பட்டியலில் நாகர்கோவில் பக்கத்து பெந்தெகொஸ்தே சபை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு அண்ணாச்சி எழுந்து நின்றார்: "என் மச்சான் மகன் அப்படித்தான் ஒரு கூட்டத்துக்குப் போனான். ரெண்டு மாசத்துல வாய்க்கால்ல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டு, இப்போ அவன் அம்மா போட்டிருக்க கம்மலையும் கழட்டச் சொல்றான்." அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெந்தெகொஸ்தே சபை பட்டியலிலிருந்து போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கத்துப் பிள்ளைகளில் அஞ்சாறு பேர் ஊர் மெயின் ரோட்டில் ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் பெந்தெகொஸ்தே சபைக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த தாய்மாரில் பாதிப் பேருக்கு அது தெரியும். சிலர் அவர்களே போகிறவர்கள்.

ஏன் கன்னியாகுமரி

ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இத்தனை வகைக் கிறிஸ்தவர்களைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாது. 1544-இல் பிரான்சிஸ் சவேரியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற முக்குவர் என்ற மீனவர்களின் கடற்கரை, லண்டன் மிஷன் வழி வந்த சி.எஸ்.ஐ. சபைகள், மிசௌரி லுத்தரன் மிஷனில் முளைத்த ஐ.இ.எல்.சி. என்ற லுத்தரன் சபை, இரட்சணிய சேனை, தோமா கிறிஸ்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் கோயில், போதாததற்குக் கத்தோலிக்கத்துக்குள்ளேயே லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என்று மூன்று வழிபாட்டு முறைகள். சீரோ மலபாரின் தக்கலை, சீரோ மலங்கராவின் மார்த்தாண்டம் மறைமாவட்டங்கள் இரண்டும் 1996-இல் வந்தவை. அதோடு பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் இரண்டு மணி நேரம்தான். தலைக்கு 600 ரூபாய், இரண்டு வேன், முப்பது பேருக்கு மேல்.

போனவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் பேச்சு புரிய அது வேண்டும். பெரும்பாலும் நாடார் குடும்பத்துப் பிள்ளைகள். கோயிலுக்குக் கிழக்கே உள்ள தலித் தெருவிலிருந்து நாலைந்து பேர். கல்லூரி மாணவர்கள், ஒரு நர்ஸ், பீடித் தரகர் ஒருவரின் மகன், இரண்டு பேர் டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

சனிக்கிழமை காலை: வடக்கன்குளம்

முதல் நிறுத்தம் மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கமே. நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், சாதிப் பெயர் புனிதர் பெயரோடு ஒட்டியிருக்கக் கூடாது என்று எழுந்த குரலைக் கேட்டு, வத்திக்கான் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை எடுத்தது.

அதே ஊரில் 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலின் அமைப்பைப் பார்க்காமல் யாரும் திரும்பக் கூடாது. பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் மண்டபம் இரண்டு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை விரித்துப் போட்டதுபோல இருக்கும். ஒரு கால் வெள்ளாளருக்கு, இன்னொரு கால் நாடாருக்கும் மற்றவர்களுக்கும். ஒரே பூசை, ஒரே சாமியார், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போயும் பிரிவினை திரும்பக் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள், நிறைய படம் எடுத்தார்கள். "அவங்க ஆளுங்கல்லாம் அப்படித்தான், நம்ம மிஷனரிமார் இதை அப்பவே ஒழிச்சிட்டாங்க" என்றான் ஒருவன். பல வாலிபர் சங்கங்களில் கேட்ட வசனம் இது. அவனுக்கு நாசரேத்தைச் சொன்னேன். அங்கே ஆங்கிலிக்கன் மிஷனரியோடு முறைத்துக்கொண்டு 1857-இல் சட்டாம்பிள்ளை தனிச் சபை கண்டார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அதற்குப் பெயர். கால்டுவெல் நாடார்களைப் பற்றி 1849-இல் எழுதிய சிறு நூல் கிளப்பிய கோபமும் அந்த வட்டாரத்தில் லேசில் அடங்கவில்லை. நம் மிஷன் வரலாற்றுக்குள்ளும் சாதி உண்டு, ஒரு தரம் பெருமையாக, இன்னொரு தரம் காயமாக. கேட்டான், தலையாட்டினான், வேனில் ஏறினான். காலை பத்து மணிக்கு அது வெறும் தகவல்தான். இரவுக்குள் வேறு மாதிரி ஆகும் என்று எனக்கும் தெரியாது.

காற்றாடிமலையில் அரை மணி நேரம் நின்றோம். வெயிலும் காற்றும் அதிகம், அவசரமும் அதிகம்.

மயிலாடி, திருவிதாங்கோடு

மயிலாடிக்கு வந்ததும் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது, இதுவும் சி.எஸ்.ஐ. தானே. ஆனால் இவர்களுடையது இங்கிலாந்து திருச்சபையின் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கங்களின் வழி. அங்கி போட்ட பாடகர் குழு, ஜெப புஸ்தகம், அத்தியட்சர் (பேராயர்) கை வைக்கும் திடப்படுத்தல் எல்லாம் ரத்தத்தில் ஊறியவை. மயிலாடி லண்டன் மிஷன் வழி, அதாவது அத்தியட்சர் இல்லாத, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நிர்வகித்த மரபு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லண்டன் மிஷன் வழியினர் இருந்த தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்துதான் சி.எஸ்.ஐ. ஆயிற்று. பெயர்ப் பலகை ஒன்றான பிறகும் பழைய பழக்கங்கள் அவரவர் வீட்டில் அப்படியே இருக்கின்றன. 'மற்ற' கிறிஸ்தவர்களைத் தேடிப் போனவர்களுக்கு இது திட்டத்தில் இல்லாமலே கிடைத்த பாடம்.

மயிலாடியில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது மகாராசன் வேதமாணிக்கத்தின் கதைக்கு. சாம்பவர் குலத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் 1799-இல் தஞ்சாவூரில் கோலாப் ஐயர் என்ற லுத்தரன் குருவைக் கண்டு, கிறிஸ்தவராகி ஊர் திரும்பினார். தன் மக்களுக்கு ஒரு குரு வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதன் பலனாகத்தான் 1806-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே வந்தார். தெற்குத் திருவிதாங்கூரின் லண்டன் மிஷன் சபைகளுக்கெல்லாம் விதை போட்டவர் தலித் ஒருவர் என்பது எங்கள் கிழக்குத் தெருப் பிள்ளைகளுக்குப் புதுசு. அதில் ஒருவன், பேசாத பையன், கல்வெட்டுப் பக்கத்தில் நின்று தன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினான்.

அடுத்து தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு. அங்குள்ள புனித மரியாள் ஆர்த்தடாக்ஸ் கோயிலைக் கி.பி. 63-இல் தோமா அப்போஸ்தலரே கட்டினார் என்பது அந்தச் சபையாரின் நம்பிக்கை. ஆவணச் சான்று கிடையாது. கருங்கல் சுவர், தாழ்ந்த கூரை, உள்ளே பகலிலும் அரையிருட்டு. நின்றால் குரல் தானாகத் தணிந்துவிடும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்று பிறகு எழுதிக் கொடுத்த தாள்கள் சொல்கின்றன. ஆனால் அங்கே அவர்கள் பார்த்தது ஒரு கட்டிடத்தை. அந்தச் சபையாரில் ஒருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தில் யார் இருப்பார்கள்? பிடித்த இடமும் பயன் குறைந்த இடமும் ஒன்றே.

கடற்கரைப் பங்கில் ஒரு ராத்திரி

பயணத்தின் மையம் என்று நான் நினைப்பது இதை. ஒரு மீனவக் கிராமத்துப் பங்குத்தந்தை பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வீடுகளில் தங்க வைக்கச் சம்மதித்திருந்தார். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழுக்கள் வழியாக வீடுகளைப் பிரித்திருந்தார்கள். வேன் நின்றதும் பெண்கள் வந்து "எங்க வீட்டுப் பிள்ளைகள் யாரு?" என்று பெயர் கேட்டுக் கூட்டிப் போனார்கள்.

முதலில் சாயங்காலத் திருப்பலி. கோயில் நிரம்பியிருந்தது. எங்கள் பிள்ளைகள் நடுவில் ஒரு கொத்தாக உட்கார்ந்தார்கள். எப்போது முழங்கால் போடுவது, எப்போது எழுவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நற்கருணை, அதாவது அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் வரிசையாக எழுந்தார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது. யாரும் யோசிக்கவில்லை. நம் திருவிருந்தில் முறை வந்தால் எழுந்து போவோம், அப்படித்தான் பழக்கம். முன்னால் போனவன் பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். குரு அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் திருவுடல்" என்றதும் "ஆமென்" என்பதற்குப் பதில், கையை நீட்டி, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றான். குரு ஒரு கணம் நின்றார். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார், அவன் இல்லையென்று தலையசைத்தான். அப்பத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். திரும்பி வரும்போது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் நின்ற நாலு பேருக்கு முன்னால் போவதா, திரும்புவதா என்று தெரியவில்லை.

குரு செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் விதிப்படி, மரண ஆபத்து போன்ற அவசர நிலை தவிர, புராட்டஸ்டன்ட் சபையாருக்கு நற்கருணை கொடுக்க முடியாது. ஆர்த்தடாக்ஸ் சபையில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். மற்றச் சபைகளில் திருவிருந்தில் சேரும் உரிமை உள்ளவர்கள் நம் திருவிருந்துக்கும் வரலாம் என்பது சி.எஸ்.ஐ. நடைமுறை. மூன்றுக்கும் பின்னால் திருச்சபை என்றால் என்ன என்பது பற்றிய வேறு வேறு புரிதல் இருக்கிறது. முன்கூட்டியே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏற்பாட்டுக் குழுவின் தாளில் 'மாலை 6: திருப்பலி' என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தத் தடுமாற்றம் நடக்காதிருந்தால் ராத்திரிப் பேச்சும் நடந்திருக்காது என்பதால், இதைப் பிழைப் பட்டியலில் சேர்க்க எனக்குப் பாதி மனதுதான்.

சாப்பாட்டுக்கு வீடுகளுக்குப் போனார்கள். நான் இரண்டு பையன்களோடு போன வீட்டில் சுவரில் மாதா படமும் அதன் பக்கத்தில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படமும். கீழே 2017. ஓகி புயல். அந்த வருஷம் நவம்பர் கடைசியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களில் அந்த வீட்டு மூத்த மகனும் ஒருவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் அம்மா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "மக்களே, நல்லா சாப்புடுங்க, நெத்திலி தொட்டுக்கிடுங்க" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையன்களில் ஒருவன் மீன் அதிகம் சாப்பிடாதவன். அந்தப் படத்தைப் பார்த்தபின் முள்ளோடு சேர்த்து எல்லாவற்றையும் தின்றான். எழும்போது அந்த அம்மா சொன்னார்: "அந்த நேரம் உங்க சபை ஆளுகதான் அரிசி கொண்டாந்தாவ. எந்த ஊருன்னு கேக்கல." எங்கள் சேகரம்தானா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குப் பங்குக் கூடத்து மொட்டை மாடியில் இரண்டு ஊர் இளையோரும் உட்கார்ந்தார்கள். திட்டப்படி அது 'பகிர்வும் பாடலும்'. பாட்டு நன்றாகவே போனது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று இருபக்கமும் தெரிந்தது. சாஸ்திரியார் பாளையங்கோட்டையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து லுத்தரன் கவிராயரானவர் என்று நான் சொன்னதற்கு இரண்டு பக்கமும் உரிமையோடு கைதட்டினார்கள்.

அப்புறம் எங்கள் செயலாளர் கேட்டுவிட்டாள்: "ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கோயிலுக்கு நீங்க வந்தா நாங்க திருவிருந்து குடுப்போம். நீங்க ஏன் குடுக்கல?"

பங்கு இளையோர் இயக்கத்துப் பையன் ஒருவன் முதலில் சட்ட விளக்கம் சொல்லப் பார்த்தான். அவன் பக்கத்தில் இருந்த பெண், நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் முதுகலை படிப்பவள், அவனை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பம் குடுப்பிய சரி. இந்த ஊர்லேருந்து ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்தா உங்க வீட்ல எடுப்பியளா? நான் கத்தோலிக்கான்னு கேக்கல. மீன்காரின்னு கேக்கேன்."

மாடியில் சத்தமே இல்லை. பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "காலம் மாறிட்டு வருது..." என்று ஆரம்பித்தான். அவன் முடிக்கவில்லை. மயிலாடியில் வீடியோ கால் போட்ட கிழக்குத் தெருப் பையன் குறுக்கே வந்தான்: "அவங்களக் கேக்க இவ்வளவு தூரம் வரணுமாண்ணே? எங்க தெருவுக்கு வந்தாலே தெரியுமே. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கையில நம்ம சபைக்குள்ள எத்தனை வீடு தேறுச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை விவாதம் என்று சொல்ல மாட்டேன். யாரும் யாரையும் மடக்கவில்லை. கடற்கரைப் பிள்ளைகள் தங்களுக்குள் முக்குவர், பரதவர் என்று பார்ப்பதைச் சொன்னார்கள். கடற்கரையும் உள்நாடும் ஒரே மறைமாவட்டத்தில் இருந்தபோது நடந்த இழுபறியை, 2014-இல் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து குழித்துறை பிரிந்ததை, வீட்டில் கேட்டபடி சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் கல்யாண விளம்பரங்களைச் சொன்னார்கள். 'சி.எஸ்.ஐ.' என்று போட்டு அதற்குப் பக்கத்தில் சாதியையும் போடும் அந்த விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள், யாருமே அதுவரை வாய்விட்டுப் படித்ததில்லை. காலையில் வடக்கன்குளத்தில் 'அவங்க ஆளுங்கல்லாம் அப்படித்தான்' என்றவன் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டரைக்குப் பங்குத்தந்தை டார்ச்சோடு வந்து படுக்கச் சொன்னார்.

ஞாயிறு: இரட்சணிய சேனை

காலையில் நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கிராமத்து சேனைக் கூட்டம். வெள்ளை உடுப்பு, தோளில் பட்டை, கேப்டன், மேஜர் என்று பதவிகள், நீல விளிம்போடு சிவப்புக் கொடி, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். பிரசங்கம் செய்தது மேஜரின் மனைவி. அவரும் மேஜர்தான், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பதவி. எங்கள் பெண்கள் இதைக் கவனித்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் ஒருவன் சாதாரணமாக, "இங்க திருவிருந்து எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை?" என்றான். முந்தின நாள் பட்ட சூடு. தெரிந்துவைத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டான். எங்களுக்குத் திருவிருந்து கிடையாது என்றார் மேஜர். ஞானஸ்நானமும் கிடையாது. வில்லியம் பூத் 1883-இல் சடங்குகளை நிறுத்தியதையும், கொடியின் கீழ் நின்று உறுதிமொழி எடுப்பவரே சேனை வீரர் என்பதையும், முன்னால் போட்டிருக்கும் கிருபாசனம் என்ற நீண்ட பெஞ்சில் யாரும் எப்போதும் வந்து முழங்கால் போடலாம் என்பதையும் விளக்கினார். 1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளம் அதிகாரி குளியலறையில் மருந்துப் பெட்டி வைத்து ஆரம்பித்ததுதான் இன்றைய கேதரின் பூத் ஆஸ்பத்திரி. ஜனங்கள் சேனையை அதைக் கொண்டுதான் அறிவார்கள்.

முந்தின நாள் அப்பம் கிடைக்காமல் திரும்பியவனுக்கு, அப்பமே இல்லாத ஒரு சபையின் முன்னால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அப்போ இவங்க கிறிஸ்தவங்களா இல்லையாண்ணே?" என்று வேனில் என்னைக் கேட்டான். நான் பதில் சொல்லுமுன் பின் சீட்டிலிருந்து நர்ஸ் சொன்னாள்: "நான் அந்த ஆஸ்பத்திரியிலதான்டா பயிற்சி எடுத்தேன். நீ ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து கேளு."

எதை மாற்ற வேண்டும்

அறிக்கையில் நான் எழுதியவற்றில் முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு நாளில் ஐந்து நிறுத்தம் அதிகம், இரண்டு போதும். கட்டிடம் பார்ப்பதைக் குறைத்து வீட்டில் தங்குவதைக் கூட்ட வேண்டும். திருவிருந்து, நற்கருணை, ஆர்த்தடாக்ஸ் சபையாரின் குர்பானா பற்றி, அதை நடத்துகிற சபையாரையே முந்தின நாள் வந்து சொல்லச் சொல்ல வேண்டும், நாம் சொன்னால் நம் பக்கத்துக் கதையாகிவிடும். ராத்திரிப் பேச்சுக்குத் தலைப்புக் கொடுக்கக் கூடாது.

கமிட்டி இவற்றை ஏற்றது. ஏற்காதது ஒன்று: மொட்டை மாடிப் பேச்சை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். "பிள்ளைகள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினதை எழுத்தில் வைக்கணுமா?" நான் எடுக்கவில்லை. அறிக்கை பதிவேட்டில் சேரவில்லை, ஐயரின் மேஜை டிராயரில் இருக்கிறது. ஐயர் அதைத் தன் பிரசங்கத்தில் ஒரு தடவை, ஊர் பேர் சொல்லாமல், பயன்படுத்தினார். அவருக்கு அதற்கே தைரியம் வேண்டியிருந்தது என்பதை அந்தச் சேகரத்தைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

2024 மே மாதம் பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கடற்கரைப் பங்கின் இளையோர் பதினைந்து பேர் எதிர்ப்பயணமாக வந்தார்கள். அசனம் என்ற கோயில் பொதுவிருந்துக்கு உட்கார வைத்தோம். கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே வரிசையாக இலை. ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி, சாம்பார், ரசம். அசனச் சமையலுக்கு எல்லாத் தெருக்காரர்களும் அரிசியும் காசும் கொடுக்கிறார்கள், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். இதைப் பெருமையாகச் சொல்வோம், சொல்லலாம்தான். மாடியில் கேள்வி கேட்ட பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்குப் பரிமாறியவர்களில் மூத்தவர் ஒருவர் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார், சொன்னாள். "அப்படியாம்மா, நல்லா சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி கறி வைத்தார். அவரிடம் கல்யாணக் கேள்வியை அவளும் கேட்கவில்லை. அவர்கள் தங்கியது வீடுகளில் அல்ல, பள்ளிக்கூட ஹாலில். வீடு தர முன்வந்தவர்கள் போதவில்லை. கிழக்குத் தெருவிலிருந்து மூன்று வீடுகள் வந்தன. ஹால் வசதி என்று சொல்லி அவற்றையும் கமிட்டி வேண்டாம் என்றது. இந்த முடிவைச் செயலாளர் மினிட்ஸ் நோட்டில் எழுதி, கீழே தன் ஆட்சேபத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அடுத்த பயணத்துக்கு அவள் கொடுத்திருக்கும் பட்டியல் சிறியது. நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரம் போய், சட்டாம்பிள்ளை கண்ட இந்துக் கிறிஸ்தவ சபையாரோடு ஒரு சனிக்கிழமை ஆராதனை. உள்ளூரில், ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள பெந்தெகொஸ்தே சபையோடு ஒரு ஞாயிறு, மறு ஞாயிறு அவர்கள் இங்கே. அந்தப் பாஸ்டரை அவளும் ஐயரும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார், ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "வந்த பிள்ளைகளில் யாராவது முழுக்கு ஞானஸ்நானம் வேணும்னு கேட்டா நான் என்ன சொல்லணும், ஐயர்? நீங்களே சொல்லுங்க." கமிட்டி இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை.